குழாய் விறைத்த வருஷம்

1964 வைகாசியில் இலுப்பூருக்கு மேற்கே இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் விறகாக விறைத்தது. அதே வாரம் வியாகுலமேரியின் முழங்கை பின்பக்கமாக மடங்கியது. அவள் கிணறு வெட்டும் அருள்சாமியின் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி. வாந்திபேதியில் போகவிருந்த அவள் உயிரை அந்தக் குழாய்தான் இழுத்துப் பிடித்தது. அதனால் அதைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை.

முன்பெல்லாம் ரப்பர் குழாய். ஒருவருக்கு ஏற்றி முடித்ததும் கம்பவுண்டர் சூசைராஜ் அதைக் கொதிக்கவைத்து அடுத்தவருக்குப் போடுவார். புதிதாக வந்த பிளாஸ்டிக் குழாயை ஒரே தடவையில் எறிந்துவிடச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிபோல் பளபளக்கிற பொருளை எறிய யாருக்கு மனம் வரும்? அதையும் கொதிக்கவைத்தார். ஒவ்வொரு தடவையும் குழாயை வளையவைக்கிற மெத்து கொஞ்சம் கழன்று தண்ணீரில் எண்ணெயாக மிதந்தது. மிச்சம் மருந்தோடு ஆட்களின் நரம்புக்குள் இறங்கியது. அப்படி ஏற்றிக்கொண்ட, ஆடு மேய்க்கும் சோலையப்பன் வரப்பில் நடக்கும்போதே கால் துவண்டு சுருண்டுகொண்டார். வலி இல்லை என்றார்.

ஆடியில் அடைக்கலமேரி பிறந்தாள். கைக்கு எலும்பு தட்டுப்படவில்லை. பால் இறங்குவது தோல் வழியே தெரிந்தது. வியாகுலமேரி அவளைத் துண்டைப்போல மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு களையெடுக்கப் போனாள். பிள்ளை நிற்குமா என்று அவள் கேட்காத ஆளில்லை. பங்குச்சாமியாரிடமும் கேட்டாள்; பாவம், அவருக்கும் தெரியாது.

இரண்டு வயதில் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. வியாகுலமேரி சந்தோஷத்தில் அழுது தீர்த்தாள். மறுமாதமே வாந்திபேதி திரும்பி வந்தது. பிள்ளைக்குக் கண் செருகியது. ஆஸ்பத்திரியில் ரப்பர் குழாய்கள் எல்லாம் வெடித்துப் போயிருந்தன. சூசைராஜ் பிளாஸ்டிக் குழாய் வந்த புதுப் பெட்டியைத் திறந்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"புதுக் குழாயிலதான் தாயி மெத்து அதிகம். இத ஏத்துனா புள்ள இனிமே நிக்காது."

"ஏத்தலைன்னா?"

அவர் பிள்ளையின் இமையை விலக்கிக் காட்டினார்.

"போடுங்கண்ணே. உசுரு இருந்தாப் போதும். நான் மடிச்சு வச்சுக்கிறேன்."

பிள்ளை பிழைத்தது. அப்புறம் நிற்கவில்லை. அந்த வருஷம் அப்படிப் பிழைத்த பிள்ளைகள் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இருந்தார்கள். புதுப் பெட்டிகளும் மாதந்தோறும் பஸ்ஸில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன.

1969இல் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கென்று ஓர் அலமாரி வாங்கிப் போட்டார்கள். காலையில் தாய்மார்கள் வந்து பிள்ளைகளை மடித்து அடுக்கிவிட்டு வேலைக்குப் போவார்கள். வாத்தியார் பெயர் கூப்பிடும்போது மேல்தட்டிலிருந்து அடைக்கலமேரி, "உள்ளேன் ஐயா" என்பாள்.