ஏழ்மைக்குச் சாட்சிப் படம்

அரசு நிதியில் ஸ்மார்ட் போர்டு வேண்டுமானால் மாணவர்களின் ஏழ்மையைப் படத்தோடு நிரூபிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் இருந்தது. விண்ணப்பம் எழுதும் வேலை கணக்கு டீச்சர் தலையில் விழுந்தது.

படம் எடுக்கப்போகிறார்கள் என்ற சேதி எப்படியோ வீடுகளுக்குப் போய்விட்டது. மறுநாள் பிள்ளைகள் எல்லாம் எண்ணெய் தேய்த்து, படிய வாரி வந்து நின்றார்கள். நாலாம் வகுப்பில் இஸ்திரிக்காரம்மாவின் மகள் ஒருத்தி. அவள் பாவாடை மடிப்பு கத்தி போல் இருந்தது.

தலைமையாசிரியர் உச்சுக் கொட்டினார். "கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நின்னா எவன் குடுப்பான்? பாத்ததும் மனசு உருகணும் டீச்சர். இந்தப் பொண்ணு கண்ணு நல்லா இருக்கு. தலையை மட்டும் அவுத்து விடுங்க."

டீச்சர் தயங்கினாள். பிறகு அவிழ்த்தாள்.

"அம்மா திட்டுவாங்க டீச்சர்."

"எடுத்து முடிச்சதும் நானே பின்னி விடறேன்."

தலைமையாசிரியர் சன்னல் விளிம்பில் விரலைத் தேய்த்து, அந்த அழுக்கைச் சிறுமியின் கன்னத்தில் இழுத்தார். படம் எடுத்ததும் மணி அடித்தது. டீச்சர் அடுத்த வகுப்புக்கு ஓடிவிட்டாள்.

ஏழு மாதத்தில் நிதி வந்தது, போர்டும் வந்தது. கூடவே வாசலுக்கு ஆள் உயர பேனரும் வந்தது. பரட்டைத் தலையும் அழுக்குக் கன்னமுமாக அந்தச் சிறுமியின் முகம். கீழே, 'இவளுக்கும் கனவு உண்டு.' பையன்கள் அவளுக்குப் 'பஞ்சம்' என்று பேர் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் இஸ்திரிக்காரம்மா வந்தாள். சத்தம் போடவில்லை.

"டீச்சர், ஊரு துணியெல்லாம் தேய்க்கறவ நான். என் புள்ளைய ஒரு நாளும் கசங்கின துணியில அனுப்பினதில்ல. அவ தலையை யாரு அவுத்தது?"

பேனர்காரன் மேல் பழி போட டீச்சருக்கு வாய் வந்தது. விழுங்கிக்கொண்டாள். "நான்தாம்மா."

"நீங்களா," என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டீச்சர் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய், பேனரை இறக்கச் சொன்னாள். அவர் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் தவணை வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க. அந்த மூஞ்சிதான் நமக்கு சோறு போடுது," என்றார், நனைந்த பிஸ்கட்டை வாயில் போட்டபடி.

டீச்சர் கைவேலை அலமாரியில் இருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எல்லோரும் பார்க்க பேனர் கயிறுகளை அறுத்தாள். கீழே விழுந்ததைத் துண்டு துண்டாக வெட்டினாள்.

அவளுக்கு மெமோ வந்தது. சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றது. பத்தே நாளில் புதிய பேனரும் வந்தது. அதே படம், இந்த முறை ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில்.

நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளி இல்லை. ஒரு வாரம் கழித்துச் சிறுமி திரும்பி வந்தாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

போர்டில் பெருக்கல் கணக்கு ஒளிர்ந்தது. பிள்ளைகள் முண்டியடித்துத் தொட்டுப் பார்த்தார்கள்.

"நீயும் வாடா கண்ணு, விடையைத் தொடு," என்றாள் டீச்சர்.

சிறுமி அசையவில்லை. "வேணாம் டீச்சர். இங்கேருந்தே தெரியுது."