காவலுக்கு ஒரு குடும்பம்

வெப்ப இயக்கவியலில் மூன்று முறை கவிழ்ந்தாயிற்று. நான்காவது முறையும் கவிழ்ந்தால் பட்டம் கிடையாது, மூட்டையைக் கட்டு என்று கல்லூரி சொல்லிவிட்டது. தேர்வு வெள்ளிக்கிழமை. கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் டிங். போன் எங்கே ஒலித்தாலும், அது பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தாலும், அவன் தலை தானாகத் திரும்பிவிடும். தோற்றதற்கெல்லாம் போன்தான் காரணம் என்பது அவன் கட்சி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்குக் கூடமே கையடக்கமாக வாய்த்துவிட்டது.

திங்கட்கிழமை காலை போனை அக்காவிடம் ஒப்படைத்தான். வீட்டிலேயே துணி தைப்பவள் அவள். தையல் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினாள். அழுது புரண்டு கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று அவனே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அம்மாவும் அக்காவின் கணவரான மாமாவும் சாட்சிக் கையெழுத்திட்டார்கள். பாதிக் கிணறு தாண்டிய திருப்தியில் அவன் ஒரு தூக்கம் போட்டான்.

எழுந்ததும் ஒரு யோசனை. போன் வேண்டாம், அதில் என்ன வந்தது என்று மட்டும் தெரிந்தால் நிம்மதியாகப் படிக்கலாமே. ஒப்பந்தத்தில் அதற்குத் தடையில்லை. தம்பி படித்தால் சரி என்று அக்காவும் வந்ததையெல்லாம் அளவு நோட்டில் குறித்து வைத்தாள். யாருடைய ஜாக்கெட் அளவோ மேலே, வகுப்புக் குழுவில் நாற்பது பேர் சிரித்தது கீழே. அவன் கால் மணிக்கொரு தரம் வந்து நோட்டைப் புரட்டினான். பிள்ளை அலைகிறானே என்று மனம் கேட்காமல், செவ்வாய்க்கிழமை அம்மா அவன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அக்கா குரல் கொடுத்ததும் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு, பிறகு செய்தி.

வீடியோக்களைத்தான் எழுதிக் காட்ட முடியவில்லை. மாமா லிப்ட் மெக்கானிக், சிரித்தால் வரி போடுவார்கள் என்று நினைக்கிற மனிதர். மச்சானின் எதிர்காலத்துக்காகப் புதன்கிழமை லீவு போட்டார். டிராயர் பக்கம் போய் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவார். அவன் முன்னால் நின்று நடித்துக் காட்டுவார். அரை நிமிடம் ஆடினார். அலமாரியிலிருந்து விழும் பூனையாக விழுந்தார். வாழ்க்கையில் முன்னேற ஏழு வழி சொல்லத் தொடங்கினார். மூன்றாவது வழியிலேயே டிங்குக்கு அலுத்துவிட்டது. கட்டைவிரலைக் காற்றில் மேலே தள்ளினான். மாமா மறுபேச்சில்லாமல் விலகிப் போய் அடுத்ததாக வந்தார். வேலி பயிரை மேய்வதாவது நாம் கேள்விப்பட்டதுதான். இங்கே வேலி ஆடியும் காட்டியது.

வியாழக்கிழமை காலை பார்த்தால் புத்தகம் முதல் பக்கத்தில் நின்றது. டிங்குக்கு ஆத்திரம் பொங்கியது. மூவரையும் கூடத்தில் நிறுத்தி, என்னைக் கெடுத்ததே நீங்கள்தான் என்று கத்தினான். மாமாவுக்கு முழங்காலில் இன்னும் வலி.

"நேத்து பூனையா விழுந்தேனே, ஒரு லைக் போட்டியா மாப்ள?" என்றார்.

அக்கா மெஷினை நிறுத்தினாள். "காவல் காக்கச் சொன்ன, காத்தோம். உனக்குப் பதிலா படிக்கச் சொல்லியிருந்தா அதையும் செஞ்சிருப்போம். பரீட்சை ஹாலுக்குள்ள உன்னைத்தானேடா விடுவாங்க?"

ஒப்பந்தத் தாளைக் கிழித்தாள். போனை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்தாள். மூவரும் பெரியம்மா வீட்டுக்குப் போவதாகவும் தேர்வு முடிந்துதான் திரும்புவதாகவும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்கள். டிங் வாசல் வரை ஓடினான்.

"யாராவது ஒருத்தராவது இருங்க. நான் படிக்கலன்னா யாரைத் திட்டுறது?"

ஒருவரும் திரும்பவில்லை. செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்தது. அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது. போன் ஒலித்தது. எடுத்தான், பார்த்தான், நாற்பது பேர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அணைக்கும் பொத்தான் பக்கவாட்டில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது.

அணைத்தான். முதல் பக்கத்தைப் படித்தான், ஒன்றும் ஏறவில்லை. மறுபடி படித்தான். மூன்றாம் தரம் ஒரு வரி புரிந்தது. யாரிடமாவது சொல்லலாம் என்று சந்தோஷமாக நிமிர்ந்தான். வீட்டில் ஆளில்லை. அடுத்த வரிக்குப் போனான்.