சும்மா பண்ணது

அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்பது ஊரறிந்த செய்தி. கணவன் தன் அலுவலகத்தில் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தான். நாத்தனார், நல்லது கெட்டது என்று பேதம் பார்க்காமல், போன இடமெல்லாம் பரப்பியிருந்தாள். போதாக்குறைக்கு முதல் வகுப்பில் படிக்கும் மகள், "உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்று டீச்சர் கேட்டதும் எழுந்து நின்று, "சும்மா இருக்காங்க மிஸ்" என்று கணீரென்று சொல்லி, தைரியமாகப் பேசியதற்காகக் கைதட்டலும் வாங்கி வந்திருந்தாள்.

அந்தச் சும்மா விடிவதற்கு முன்பே எழுந்துகொள்ளும். பால் காய்ச்சும். மகளின் தலையில் சிக்கெடுக்கும். கணவனின் ஒற்றைக் காலுறைக்கு ஜோடி தேடும். இதற்கெல்லாம் இடையில், குக்கர் அடுத்த விசிலுக்கு மூச்சுப் பிடிக்கிற நேரத்தில், கூடத்துச் சுவரில் சாய்த்திருக்கும் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு வரிசை நெய்துவிட்டு ஓடும்.

சட்டம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது படுத்திருந்த கட்டிலின் பக்கக் கிராதி அது. நடுக்கம்பிகளை மகளே உதைத்து உதைத்துக் கழற்றிவிட்டாள். அவளுக்கு வாலு என்று பெயர் வந்தது அப்போதுதான். மிஞ்சிய மரச்சட்டத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி, மேலிருந்து கீழே வரிசையாகக் கயிறு இழுத்துக் கட்டியதில் பாவு தயார். குறுக்கே ஓடும் ஊடு இழைக்காக அவள் கடைக்குப் போனதில்லை. வீட்டில் எது வீணாகிறதோ அது நாடா நாடாவாகக் கிழிபட்டு உள்ளே போகும். பேனா கக்கிய ஆபீஸ் சட்டை நீலக் கோடாக ஓடியது. வாலு சறுக்குமரத்தில் கிழித்துக்கொண்ட சீருடை அதற்கு மேல் ஏறியது. நாத்தனார் அன்பாகக் கொடுத்த போர்வை, கொடுத்த வாரமே கிழிந்துபோய், பெரியதொரு மஞ்சள் பட்டையாக உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, அது நான் குடுத்த போர்வை மாதிரி இருக்கே?"

"அதேதான் அண்ணி. உங்க ஞாபகமா இருக்கட்டும்னு."

"அது புதுசாச்சே."

"உங்க தம்பி புரண்டு படுத்தாரு."

கணவன் அவளைச் சிலந்தி என்று கூப்பிடுவான். "சிலந்தி, டீ" என்பான். டீ வரும். சிலந்தி திரும்பப் போய்ச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இப்படியே போயிருக்க வேண்டிய கதையைக் கெடுத்தவர் தெருமுனைத் தையல்காரர். வெட்டிய மிச்சத் துணியை அவளுக்கு மூட்டையாகக் கொடுப்பவர். பதிலுக்கு அவள், அவர் கடை வாசலில் வெயில் அடிக்காமலிருக்க ஒரு தட்டி நெய்து கொடுத்திருந்தாள். நகரக் கலைக்கூடத்தின் இயக்குநர், கோட்டின் கையைக் குறைக்க வந்தவர், உள்ளே போகாமல் தட்டிக்கு முன்னாலேயே நின்றுவிட்டார்.

"இது யாரோட படைப்பு?"

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். "இதுவா? வெயிலுக்கு மாட்டினதுங்க. நம்ம தங்கச்சி ஒண்ணு இருக்கு, அது சும்மா பண்ணித் தந்துச்சு."

மறுநாளே இயக்குநர் வீடு தேடி வந்துவிட்டார். கழுத்தில் கருப்பு மணிமாலை, பின்னால் குறிப்பெடுக்க ஓர் உதவியாளன். கூடத்தில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை விலக்கிக்கொண்டு வந்து சட்டத்தின் முன் நின்று கண்ணை மூடினார். பார்க்க வந்தவர் ஏன் கண்ணை மூடுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"உங்க உடல் இதுல எங்க இருக்கு?"

"இங்க, முன்னாடிதான் உக்காருவேன் மேடம்."

"இல்ல. இதுக்குள்ள ஒரு வலி இருக்கு. அது எங்கேர்ந்து வருது?"

"முதுகுலேர்ந்து. குனிஞ்சே கிடக்கறதால."

உதவியாளன் 'முதுகு' என்று எழுதினான். இயக்குநர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பின்னால் அச்சான கையேட்டில் அது 'தண்டுவடத்தின் நினைவுகள்' என்று ஆகியிருந்தது.

இயக்குநரின் விரல் நெசவின் மேல் படாமல் ஊர்ந்தது. "இந்த நொண்டுற லயம் இருக்கு பாருங்க. ரெண்டு இழை தாவுது, ஒண்ணு பின்வாங்குது. இப்படி நான் எங்கேயுமே பார்த்ததில்லை. யார்கிட்டே கத்துக்கிட்டீங்க?"

"தெரியல மேடம். கை போன போக்குல வந்துது."

"தலைப்பு?"

"தலைப்பெல்லாம் இல்லைங்க. சும்மா பண்ணது."

"சும்மா..." இயக்குநர் மறுபடி கண்ணை மூடினார். "சும்மா. அபாரம். எழுதிக்கோ."

அடுத்த மாதம் 'தாய்மையின் வெளிகள்' என்று கண்காட்சி. நடுக்கூடத்தில், நேர் எதிரே, தனி விளக்கின் கீழ் இது நிற்கும். மேலே இன்னும் ஒரு முழம் பாவு நெய்யாமல் வெறுமனே கிடக்கிறதே என்று அவள் கேட்டாள். அதுதான் அழகு, முடிவின்மை என்றார் இயக்குநர். ஒரே ஒரு விஷயம் மட்டும். அடியில், இடது மூலையில், ஒரு ஷூ லேஸும் குளிர்பான உறிஞ்சுகுழலும் மிட்டாய்க் காகிதமும் பொம்மையின் பழுப்பு முடியும் கட்டியாகப் புடைத்துக்கொண்டிருந்தன.

"இது?"

"அது வாலு பண்ணது. என் பொண்ணு."

"க்யூட். ஆனா பார்வையை உறுத்துது. இந்த மூலையை மட்டும் பிரிச்சிட்டுச் சுத்தமா நெய்துடுங்க. தாய்மை தெரிஞ்சாப் போதும், குழந்தை தெரிய வேண்டியதில்லை."

அவர் போன பிறகு வீடே நூல் பிடித்தாற்போல் ஒரே பக்கம் சாய்ந்தது.

"ஒரு ஜாண் பிரிக்கிறதுக்கு என்ன பிகு?" என்றாள் நாத்தனார். "ஹால்ல வைக்கிறாங்களாம், பேர் போடறாங்களாம். என் போர்வையும் சேர்ந்துதானே அங்க நிக்கப் போகுது."

"விட்டுக் குடுத்துப் போயேன் சிலந்தி," என்றான் கணவன். "ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"என் வீட்டுக்காரி ஆர்ட்டிஸ்ட்டுன்னு."

"போன வாரம் வரைக்கும் சும்மா இருக்கான்னீங்க."

"அது போன வாரம்."

அவளுக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். அந்த விளக்கு வேண்டும் என்று இருந்தது. அதன் கீழே நாலு பேர் நின்று, யார் பண்ணியது என்று கேட்க வேண்டும். கூட்டத்தில் நாத்தனாரும் நிற்க வேண்டும். இத்தனை வருடச் சும்மாவுக்கு ஒரே ஒரு சாயங்காலம் பதில் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் காலுறை தேடப் போய்விடலாம்.

ஆகவே மறுநாள் மத்தியானம், வாலு பள்ளியிலிருந்து வருவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று கத்திரிக்கோலோடு உட்கார்ந்தாள். உறிஞ்சுகுழல் சுலபமாக வந்தது. ஷூ லேஸின் முதல் முடிச்சை நெம்பி ஒரு சுற்று உருவினாள். மேலே இருந்த நீல வரிசை பொத்தென்று ஒரு விரற்கடை இறங்கியது. அதற்கு மேலே சீருடையும் இறங்கியது. மஞ்சள் போர்வை, நாத்தனாரைப் போலவே, கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியது. நெசவு அடியிலிருந்துதான் மேலே ஏறும் என்பது இயக்குநருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இவளுக்கு எப்படி மறந்தது?

லேஸைத் திரும்பச் செருகப் போனாள். அது எந்த வழியாக வந்தது என்று பார்த்துப் பார்த்து நுழைத்தாள். இரண்டு கயிறு தாவி, ஒன்று பின்னால் வந்து, மறுபடி இரண்டு தாவி... கை அப்படியே நின்றது.

இப்போது ஞாபகம் வந்தது. பாவு கட்டிய அன்றைக்குப் பால் பொங்கிவிட்டது. அடுப்பை அணைத்துத் துடைத்துவிட்டு வருவதற்குள் வாலு தன் ஷூவிலிருந்து லேஸை உருவித் தப்பும் தவறுமாக ஓட்டி வைத்திருந்தாள். இவள் சிரித்துவிட்டு, பிரிக்கச் சோம்பல்பட்டு, அந்தத் தப்பை ஒட்டியே அடுத்த வரிசையை ஓட்டினாள். அடுத்ததும் அப்படியே. கைக்கு அதுவே பழகிப் போயிற்று. எங்கேயும் பார்த்ததில்லை என்று இயக்குநர் கண்ணை மூடிக்கொண்ட நொண்டும் லயம், பல் விழுந்த ஒரு குட்டியின் தப்பு.

"என்னோடதை ஏன்மா பிரிக்கிறே?"

வாலு வாசலில் பையைக் கழற்றாமல் நின்றிருந்தாள். கத்திரிக்கோலைப் பார்த்தாள், உறிஞ்சுகுழலைப் பார்த்தாள்.

"தப்பா பண்ணிட்டேனா?"

"தப்பாத்தான் பண்ணியிருக்கே."

"மிஸ் மாதிரி நீயும் சிவப்புக் கோடு போட்டு அடிச்சுட்டு மறுபடி பண்ணச் சொல்வியா?"

"எங்கேர்ந்துடி அடிக்கிறது? உன் தப்பு மேல நான் வீடே கட்டி உக்காந்திருக்கேன். வா, அந்த லேஸ் எப்படிப் போச்சுன்னு காட்டு. எனக்கு மறந்துபோச்சு."

வாலு காட்டினாள். உறிஞ்சுகுழலும் தன் இடத்துக்குப் போனது.

சட்டத்தை எடுத்துப் போக வண்டி வந்தபோது மூலையைப் பார்த்த உதவியாளன் தலையைச் சொறிந்தான். "மேடம் திட்டுவாங்க."

"திட்டினா முதுகு வலிச்சுதுன்னு சொல்லு. அவங்களுக்குப் புரியும்."

இயக்குநர் திட்டவில்லை. அவர் படித்தவர், வேறு வழி வைத்திருந்தார். திறப்பு விழா அன்று அவள் குடும்பத்தோடு போய்ப் பார்த்தபோது, தனி விளக்கின் கீழ் மேடையில் சட்டம் நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. 'சும்மா' என்று இன்னொன்று. இடது மூலைக்கு நேர் முன்னால், ஆளுயரச் செடியோடு ஒரு பெரிய தொட்டி.

சிவப்பு ரிப்பனை வெட்டிய கையோடு பேராசிரியர் ஒருவர் பேசினார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அவர் பேர்போனவர். அன்றைக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பளமே நெய்துவிட்டார்.

"இந்தச் சும்மா, சும்மா அல்ல. இது செயலின்மையின் செயல். இங்கே நோக்கம் இல்லை, உழைப்பு இல்லை. கவனியுங்கள், இங்கே நெய்தவரே இல்லை."

நெய்தவள் அவருக்குப் பின்னால், கையில் மகளின் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, என்னோடது எங்க?" என்றாள் வாலு. ரகசியமாகப் பேசுவது அவளுக்கு இன்னும் கைவரவில்லை. வெட்டி எறிந்த ரிப்பனை யாரும் கேட்காததால் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"செடிக்குப் பின்னாடி இருக்கு."

"ஏன்?"

அந்த ஏனுக்குப் பதிலாக அவள் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வழுவழுத்த தரையில் அது பேராசிரியரை விடப் பலமாகப் பேசியது. பேச்சு நின்றது.

உதவியாளன் ஓடிவந்தான். "தொடக் கூடாதுங்க."

"நான்தாம்பா இதைப் பண்ணேன்."

"இருந்தாலும் தொடக் கூடாதுங்க."

இயக்குநர் சிரிப்பு கலையாமல், உதடு அசையாமல் வந்தார். "ப்ளீஸ், இதை அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் பேசறதுன்னா செடிகிட்டதான் பேசணும் மேடம்," என்றவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். குரல் நடுங்குமோ என்று பயந்திருந்தாள். வாலுவைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்தான் வந்தது.

"ஐயா நெய்தவ இல்லைன்னு சொன்னாரு. இருக்கேன். இந்த மூலை என் பொண்ணு பண்ணது. தப்பாத்தான் பண்ணா. அந்தத் தப்பைப் பார்த்துப் பார்த்துதான் மிச்சத்தை நான் பண்ணேன். பாக்கறதுன்னா முழுசாப் பாருங்க. இல்லேன்னா தூக்கிட்டுப் போயிடறோம், எங்க வீட்டுக்காரர் வண்டியோட தயாரா நிக்கிறாரு."

பிஸ்கட் மேசையருகே நின்ற கணவனுக்கு வண்டி ஏது? பஸ்ஸில் வந்தவன் அவன். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, "நிக்கிறேன், நிக்கிறேன்" என்று கையைத் தூக்கினான். இத்தனை வருடத்தில் அவன் சொன்ன பொய்களிலேயே அவளுக்குப் பிடித்தது அதுதான்.

நாத்தனார் பக்கத்திலிருந்தவரிடம், "அந்த மஞ்சள் என்னோட போர்வை" என்றது கூடம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் தையல்காரர் கைதட்டினார். அவர் தட்டியதால் நாலு பேர் தட்டினார்கள், நாலு பேர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். பேராசிரியர் சுதாரித்துக்கொண்டு, "நிகழ்த்துகலை! நான் எதிர்பார்த்தேன்" என்றார். இயக்குநரின் சிரிப்பு சற்றே தடுமாறி, புதிய இடத்தில் போய் உட்கார்ந்தது. செடித்தொட்டியை அப்புறப்படுத்தச் சொல்லி உதவியாளனுக்குச் சைகை காட்டினார், தொட்டி வைத்ததே அவன்தான் என்பது போல.

அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. வாலுவின் கழுத்திலிருந்த ரிப்பனை உருவி, மேடையேறி, மேலே காலியாகக் கிடந்த பாவில் முனையைச் செருகினாள். இரண்டு தாவி, ஒன்று பின்வாங்கி. சிவப்பு நன்றாகத்தான் எடுத்தது. வாலு கீழே உட்கார்ந்து தன் மூலையைச் சுற்றி நின்றவர்களுக்கு, எது பொம்மை முடி, எது மிட்டாய்க் காகிதம் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

உதவியாளன் பேனாவும் புது அட்டையுமாக வந்தான். "அப்போ தலைப்பு மாத்தணுங்களா? என்ன போட?"

"வேலைன்னு போடு."

"வெறும் வேலையா?"

"வேலைதான். வெறும்னு எதுக்கு?"

ரிப்பன் நீளமானது. வழுக்கி வழுக்கி முறுக்கிக்கொண்டது. மறுமுனையை யாராவது இழுத்துப் பிடித்தால்தான் நேராக ஓடும். அவள் சுற்றிலும் பார்த்தாள். மேடையோரத்தில் இயக்குநர் கைகளைக் கோத்துக்கொண்டு, கண்ணை மூடத் தயாராக நின்றிருந்தார்.

"மேடம்," என்று ரிப்பனின் முனையை நீட்டினாள் அவள். "சும்மாதானே நிக்கிறீங்க? இதைக் கொஞ்சம் பிடிங்க."