இட்லி ஆவிக்கு அம்புக்குறி

தாராவியில் பேராச்சியின் இட்லி அடுப்பிலிருந்து கிளம்பிய ஆவி, மாடி வீட்டு பிரேமலதாவின் சுவரை நனைத்து, பெயின்டை உரித்து, கடைசியில் அவள் கல்யாண போட்டோவுக்குள்ளேயே புகுந்துவிட்டது. மாப்பிள்ளை முகமெல்லாம் பூஞ்சை.

"முன்னாடி மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்?" என்று பேராச்சி கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டாள். விவகாரம் தெருக் கமிட்டிக்குப் போனது.

கமிட்டித் தலைவர் வானமாமலை, மளிகைக்கடைக்காரர், ஒரே வரியில் முடித்தார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆவிக்கு ஒரு வழி பண்ண வேண்டும், இல்லையென்றால் அடுப்பு அணைய வேண்டும். அந்த அடுப்புதான் பேராச்சிக்குச் சோறு. மகன் ஹரியை ஆராய்ச்சி வரைக்கும் வேகவைத்து எடுத்ததும் அதுதான்.

"ஏலே, அடுத்தடுத்த போட்டோவ வச்சு மேகம் எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்கேன்னு சொல்லுதியே. இட்லி ஆவிக்குப் பாக்க மாட்டியோ?"

"அது வேற, இது வேறம்மா" என்றான் ஹரி. பிறகு யோசித்துப் பார்த்தான். ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் அவமானமாக இருந்தது.

பந்து உருண்டால் கண்டுபிடிப்பது சுலபம். இந்தப் படத்தில் இங்கே, அடுத்த படத்தில் அங்கே. ஆவிக்கு ஓரமுமில்லை, மூலையுமில்லை. போன படத்தில் இருந்த வெள்ளை எங்கே என்று கேட்டால் எந்த வெள்ளை என்று நம்மையே திருப்பிக் கேட்கும். அதனால் ஹரி இயற்பியலைக் காவலுக்கு நிறுத்துவான். காற்று நடுவழியில் பிறக்காது, நடுவழியில் தொலையாது, உள்ளே வந்தது வெளியே போயே ஆக வேண்டும். இந்த விதிக்கு அடங்கித்தான் கம்ப்யூட்டர் அம்புக்குறி போட வேண்டும்.

போனை அரிசி மூட்டையில் செருகி, ஆவியைப் படம் பிடித்தான். கம்ப்யூட்டருக்கு வீட்டை வரைந்து கொடுத்தான்: வாசல், அடுப்பு, மாடிப்படி, பின்சுவரின் உச்சியில் ஆவி போக ஒரு ஜாலி, அதாவது ஓட்டை ஓட்டையான சிமென்ட் கல். பிறகு தான் படிக்கும் பரணில் ஏறி, பின்பலகையில் சாய்ந்து உட்கார்ந்து புரோகிராமை ஓட்டினான்.

அம்புகள் ஜாலி வரைக்கும் ஒழுங்காகப் போயின. அங்கே, மூடின டிக்கெட் கவுன்ட்டரைக் கண்ட கூட்டம் மாதிரி, முனகிக்கொண்டு திரும்பிப் படிவழியே மேலே ஏறின. படமும் விதியும் அந்த இடத்தில் மட்டும் அடித்துக்கொண்டன. திரை சிவப்பாகிவிட்டது.

ஹரி புரோகிராமைச் சந்தேகப்பட்டான். போனைச் சந்தேகப்பட்டான். கொஞ்ச நேரம் நியூட்டனையும் சந்தேகப்பட்டான். திரும்பிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. அவன் சாய்ந்திருந்த பிளைவுட்டுக்குப் பின்னால்தான் அந்த ஜாலி இருந்தது. எம்.டெக். இடம் கிடைத்தபோது, பையன் படிக்க என்று பேராச்சி அடித்துக் கொடுத்த பரண் அது. இந்த ஊர் வழக்கத்தில் போட்மாலா. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை வானமாமலை வந்து லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார்.

"என்னடே, கொசு மொய்க்க மாதிரி இருக்கு?"

"அம்பு, அண்ணாச்சி. ஆவி போற திசை."

"எல்லாம் எங்க போயி முட்டுது?"

ஹரி திரையைப் பார்த்தான். அப்போதுதான் திரும்பிப் பரணைப் பார்த்தான். "என் முதுகுல."

வானமாமலைக்கு முன்பே பேராச்சிக்குப் புரிந்துவிட்டது. "சரி, அடுப்ப அணைச்சிருதேன்" என்றாள்.

ஒரு வாரமாக அதே அடுப்புக்காகத் தெருவையே வைதவள். படியில் நின்ற பிரேமலதாவுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"எம்புள்ள படிக்க எடம். அந்தப் பலகையில ஒருத்தரும் கை வைக்கப்படாது."

"அடுப்பு இல்லன்னா என்னத்தத் தின்னுட்டும்மா படிப்பேன்?"

"இட்லி தின்னு."

"எந்த அடுப்புல வெந்தது?"

பேராச்சி பரணுக்குக் கீழே போய் முந்தானையை விரித்தாள்.

ஹரி ஏறினான். புத்தகங்களைக் கீழே கொடுத்தான். ஆணிகளை நெம்பினான். பலகை பெயர்ந்ததும் ஆவி ஒரு கணம் தயங்கியது. பிறகு ஜாலி வழியாக, எத்தனையோ நாள் காத்திருந்த ஆள் மாதிரி, நேராக வெளியே போனது. வானமாமலை "பக்கா" என்றார்.

பேராச்சி அதைப் பார்க்கவே இல்லை. புத்தகங்களை முந்தானையில் துடைத்துத் துடைத்து மடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "இனி இவன் எங்கன உக்காருவான்?" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"மேல வரட்டும்க்கா" என்றாள் பிரேமலதா. "பகல்ல வீடு சும்மாத்தான் கெடக்கு. செவுரு மட்டும் காயட்டும்."

பேராச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஃபேன் இருக்கா?"