அத்தான் பார்த்த படங்கள்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில், ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கும் நடந்திருந்த பதினோரு ஆண்டுத் திருமணம் ரத்தானது. மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, அந்த மெக்கானிக் அந்தப் பெண்ணின் தம்பிக்கு ஃபோன் செய்து, முந்தின நாள் வீட்டில் பார்த்த ஒரு படத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்.

அந்தத் தம்பி நான். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. ஞாயிறு விடுமுறை. ஃபோன் திரையில் 'அத்தான்' என்று பெயர் வந்ததும் எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசி மணியில் எடுத்து, என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல், "சொல்லுங்க சார்" என்றேன்.



"என்னது, சாரா? ஏன் மாப்ள, உங்க கடை லிஃப்ட் ஏதும் மாட்டிக்கிச்சா?"

எங்கள் கடை தரைத்தளத்தில் இருக்கிறது. இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவர் பழையபடி அத்தான்தான். நீதிமன்றம் கொடுத்த தாளில் அக்காவையும் அவரையும் பற்றித்தான் எழுதியிருந்தது. என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

படம் பேசுவது அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். அத்தான் பொதுவாகப் பேசாத மனிதர். விருந்தாளிகள் வந்தால் வரவேற்பறை மூலையில் உட்கார்ந்து ரிமோட்டின் பேட்டரி மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். ஒரு முறை தொலைக்காட்சியில் ஓடிய படத்தில், நடுவழியில் நின்றுபோன லிஃப்டின் கூரை மூடியைத் தள்ளித் திறந்துகொண்டு கதாநாயகன் மேலே ஏறினான். அத்தான் எழுந்து நின்றுவிட்டார். "அந்த மூடிய வெளியில இருந்து பூட்டி வச்சிருப்போம் மாப்ள. உள்ள இருந்து இவன் இல்ல, இவன் அப்பன் வந்தாலும் தொறக்காது." எனக்கும் அந்த மாதிரி ஒரு மனக்குறை இருந்தது. படங்களில் கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குப் பவரே இருப்பதில்லை. நிஜமான கிட்டப்பார்வைக் கண்ணாடி என்றால், லென்ஸ் வழியாகத் தெரியும் கன்னத்தின் ஓரம் கொஞ்சம் உள்ளே தள்ளித் தெரிய வேண்டும். இருபது வருடமாக எந்த நடிகருக்கும் கன்னம் உள்ளே போகவில்லை. இதை நான் சொன்னபோது ரசித்துக் கேட்ட ஒரே ஆள் அத்தான். அடுத்த வாரம் ஃபோனில் கூப்பிட்டு, "நேத்து பார்த்த படத்துல அந்த வாத்தியாருக்குக் கன்னம் உள்ள போச்சு மாப்ள, மைனஸ் மூணு இருக்குமா?" என்று கேட்டார்.

திருமணம் ரத்தான பிறகு அவர் ஒற்றை அறை வீடு ஒன்றுக்குக் குடி போனார். ஃபோனைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்துப் படம் பார்ப்பதாகச் சொன்னார். இன்ன படம் என்று புதன்கிழமைவாக்கில் ஒரு செய்தி அனுப்புவார். நான் சனிக்கிழமை சாயங்காலம் பார்ப்பேன். ஞாயிறு பதினோரு மணிக்குப் பேச்சு. என் மனைவி அதற்கு 'நீதிமன்றம்' என்று பெயர் வைத்திருந்தாள். "கூடிடுச்சா? இன்னிக்கு யாருக்குத் தூக்கு?" என்று கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்துவாள்.

அக்காவைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. இப்படி யாரும் தீர்மானம் போடவில்லை. ஒரே ஒரு முறை மட்டும், ஒரு கொலைப் படத்தைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, "ஆமா, அதுல அந்த அக்கா எப்படி, நல்லா இருந்தாளா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கா அத்தான். முட்டிவலிதான் கொஞ்சம்."

"டாக்டர்ட்ட காட்டினாளா?"

"காட்டினா. எடையக் குறைக்கச் சொல்லியிருக்காங்க."

"சரி சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி கொலைகாரனிடம் போனார். அந்தப் படத்தில் அக்கா என்று யாருமே கிடையாது.

அக்காவிடம் இதை நான் சொல்லியிருக்க வேண்டும். முதல் வாரம், நீதிமன்றம் போய் வந்த களைப்பில் இருக்கிறாள், அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வாரம், போன வாரமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளோ என்று விட்டேன். அப்படியே ஒன்றரை வருடம் போனது. சொல்லாமல் விட்டது எந்த வாரத்தில் பொய்யாக மாறியது என்று எனக்குத் தெரியாது. எங்கள் அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருப்பது நான் ஒருவன். அந்த ஒருவனும் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எதிர்க்கட்சியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள் என்பதுதான் என் பயம்.

புதன்கிழமைகளில் அக்கா வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். வந்தவுடன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனை அணைத்துவிடுவாள். "இங்க யாரு, ஆவியா உக்காந்திருக்கு?" என்பாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானாம். கடைசி மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாகப் போய் சுவிட்சுகளை அணைப்பாளாம். அது அவள் வேலை இல்லை.

அந்தப் புதன்கிழமை மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது எல்லோர் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருத்தி புருஷனோடு ஒத்துப்போகாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள், இரண்டு மணி நேரம் ஊரூராக அலைந்து கடைசியில் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை.

"அவ திரும்பி வருவான்னு நான் நெனைக்கவே இல்ல" என்றாள் என் மனைவி.

"எனக்கும் தோணல" என்றாள் அக்கா.

"போறப்பவே தெரிஞ்சுதே" என்றேன் நான். "வாசல் வரைக்கும் வந்தவ, திரும்பிப் போய் ஃபேன அணைச்சிட்டுப் போனா பாரு. அங்கயே கதை முடிஞ்சுபோச்சு. சும்மா ஓடுதேன்னு மனசு கேக்கலைன்னா, அது இன்னும் அவ வீடுதான். நெஜமாவே போறவ ஃபேன ஓட விட்டுட்டுத்தான் போவா."

"அடேயப்பா! எங்க வீட்டு டைரக்டர் சும்மா லென்ஸ் தேய்ச்சிட்டிருக்காரு அண்ணி" என்றாள் என் மனைவி.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் சொன்னதுதான், வார்த்தைக்கு வார்த்தை. கேட்டபோது அவ்வளவு பிடித்துப்போய், திங்கட்கிழமை கடையில் இரண்டு பேரிடம் என் கருத்தாகச் சொல்லி நல்ல பெயர் வாங்கியிருந்தேன். மூன்றாவது முறை என்பதால் நாக்கு தடுக்காமல் வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. தட்டில் இருந்ததை மீதி வைக்காமல் சாப்பிட்டாள். எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்தக் கிழம?" என்றாள்.

என் மனைவி தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். மேசையில் தண்ணீர் இருந்தது.

"ஞாயித்துக்கிழம" என்றேன். "பதினோரு மணிக்கு."

"எவ்வளவு நாளா?"

"கோர்ட் முடிஞ்ச வாரத்துல இருந்தே."

அவள் ஈரமில்லாத கையை மறுபடியும் துடைத்தாள். "அந்த வீட்ட விட்டு வந்த அன்னிக்கு நான் ஃபேன அணைக்காமத்தான் வந்தேன்டா. வேணும்னே செய்யல. தெருமுனை வரைக்கும் வந்தப்புறம் ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் போய் அணைக்கணும்னு தோணல. அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, அவ்வளவுதான்னு. இத நான் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தவரு பார்த்திருக்காரு." கொஞ்சம் நிறுத்தி, "கவனிச்சிருக்காரு" என்றாள்.

"உன்னப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டோம்க்கா. படம் மட்டும்தான். சத்தியமா."

"எவ்வளவு நேரம் பேசுவாரு?"

"நாப்பது நிமிஷம் இருக்கும்."

"நாப்பது நிமிஷம்." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அது எவ்வளவு என்று அளப்பதுபோல. "பதினோரு வருஷத்துல எங்கூட சேர்ந்தாப்ல நாலு நிமிஷம் பேசினதில்லடா அந்த மனுஷன். நான் என்னமோ அவருக்குப் பேச வராதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் பஸ் நிறுத்தம் வரை வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். அவள் போன பிறகு என் மனைவி சமையலறை வாசலில் நின்று, "நாலு திட்டு திட்டியிருந்தா பரவாயில்லங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வழக்கம்போல் கூப்பிட்டார். ஒரு துப்பறியும் படம். அவர் ஆரம்பிப்பதற்கு முன்பே, "அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு அத்தான்" என்றேன். எப்படி என்பதையும் சொன்னேன். ஃபேன் விஷயத்தையும் விடவில்லை.

"கோவப்பட்டாளா?"

"எவ்வளவு நேரம் பேசுவாருன்னு கேட்டா. நாப்பது நிமிஷம்னு சொன்னேன். உங்களுக்குப் பேச வராதுன்னு நெனச்சிட்டிருந்தாளாம்."

அவர் அறைக்கு வெளியே யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"வீட்ல அவ மூஞ்சி எதுக்க இருக்கும் மாப்ள" என்றார். "படம் முடிஞ்சதும் திரும்பிப் பார்ப்பேன். பிடிச்சுதா பிடிக்கலையா, எந்த எடத்துல எரிச்சலாச்சு, எல்லாம் அதுலயே தெரியும். தெரிஞ்சப்புறம் என்னத்தக் கேக்கறது, என்னத்தச் சொல்றது? நான் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி அவளும் என் மூஞ்சியப் பார்த்துத் தெரிஞ்சுக்கறான்னு இருந்துட்டேன். ஃபோன்ல உன் மூஞ்சி தெரியறதில்ல. அதான் வாயத் தொறக்கறேன்."

"நிறுத்திக்குவோம் மாப்ள" என்றார். "அவளுக்கு நீ ஒருத்தன்தான். உன்னையும் நான் பங்கு கேக்கக் கூடாது." ஃபோனை அவரே வைத்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த புதன்கிழமை அக்கா வரவில்லை. பள்ளியில் வேலை இருக்கிறது என்று செய்தி அனுப்பினாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரவில்லை. நான் சனிக்கிழமை ஒரு படம் பார்த்து வைத்திருந்தேன். அதில் ஒரு முழுக் காட்சி லிஃப்டுக்குள் நடந்தது. எட்டு பேருக்கான லிஃப்டில் பன்னிரண்டு பேர், மணியும் அடிக்கவில்லை, கதவும் மூடிக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? மனைவியிடம் சொன்னேன். "ஒல்லியான ஆளுங்களா இருக்கும், விடுங்க" என்றாள். கடையில் சொன்னேன். ஒருவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் ஃபிரேமைக் கேட்டார்.

இரண்டாவது புதன்கிழமை அக்கா வந்தாள். ஃபேனை அணைத்தாள், செருப்பைக் கழற்றினாள், உட்கார்ந்தாள். பேச்சுக் கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாட்டின் நடுவில் அவளே, "இந்த வாரம் என்ன படம்?" என்றாள்.

"பேசலக்கா. நிறுத்திட்டோம்."

"யாரு நிறுத்தினது?"

"அவர்தான் சொன்னாரு. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"யாரக் கேட்டு நிறுத்தினீங்க ரெண்டு பேரும்?" கரண்டியை மேசையில் வைத்தாள். என் மனைவி இந்த முறை உள்ளே போகவில்லை. "நான் நிறுத்தச் சொன்னேனா? இப்பவும் எனக்காகத்தான்னு சொல்லிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம நீங்களே முடிவு பண்ணுவீங்க, இல்ல? அந்த மனுஷனுக்கு உன்ன விட்டா வேற யாருடா இருக்கா பேச? அந்த லிஃப்டா?"

"எட்டு பேர் லிஃப்டுல பன்னிரண்டு பேரு ஏறினாங்க அண்ணி. அதையும் எங்கிட்டதான் சொன்னாரு உங்க தம்பி" என்றாள் என் மனைவி. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எப்படியாவது ஆரம்பிக்கச் சொல்லுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அப்புறம் அந்தப் படம். நான் மறுபடி பார்த்தேன். அவர் சொன்னது தப்பு. அவ ஃபேன அணைச்சதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. கை தானாப் போகும், பழக்கம். அணைச்சிட்டும் ஒருத்தி போகலாம், ஒரேயடியா. அவ திரும்பி வந்தது படத்தோட கோளாறு. வந்தாத்தான் டிக்கெட் விக்கும்னு வர வச்சிருக்கான். இத அவர்ட்ட சொல்லு."

"நீயே சொல்லேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீதானே பேசற ஆளு."

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. அக்கா நின்றிருந்தாள், கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. அது அவள் வரும் நாள் இல்லை. என் அறையில் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் செய்தித்தாளை விரித்து, பழத்தை உரிக்கத் தொடங்கினாள். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றாள். ஸ்பீக்கரில் போடட்டுமா என்று கையால் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பதினோரு மணிக்கு நான் கூப்பிட்டேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"அத்தான், அந்த ஃபேன் படம். நீங்க சொன்னது தப்பாம்" என்று ஆரம்பித்து, அக்கா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். கோளாறு, டிக்கெட் எல்லாவற்றையும்.

"இது உன் கருத்து இல்லையே மாப்ள."

"இல்ல. அக்கா சொன்னது."

ஆரஞ்சுத் தோல் கிழியும் சத்தம் நின்றது.

"பக்கத்துல இருக்காளா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"இல்ல" என்றேன்.

"சரி" என்றார் அத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, ஃபோனை நான் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டிய அளவுக்குச் சத்தமாக, தன் பக்கத்து நியாயத்தை முதல் காட்சியிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

பேச்சு பன்னிரண்டு பத்துக்கு முடிந்தது. அதற்குள் அக்கா ஒன்பது ஆரஞ்சு உரித்திருந்தாள். ஒன்றையும் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அடுத்த பஸ் ஒன்றரைக்கு. அதில் போனாள்.