ஆணிக்கடையில் பணம் மாறிய மதியம்

வயிற்றுவலிக்காரர்களும் கால் ஒடிந்தவர்களும் வரிசையாக வந்து என் கடையில் ஆணி வாங்கிப் போயிருக்கிறார்கள். கம்பெனிக் கணக்கு அப்படித்தான் சொன்னது. போன் வழியாகப் பணம் அனுப்பும் கம்பெனியில் இருந்து வந்த சிவப்புத் தொப்பிக்காரர் அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணே, யாராவது சில்லறையே இல்லாம சரியா ஐயாயிரத்துக்கு ஆணி வாங்குவாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன் வழியாக வந்த வியாபாரத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், போன வாரம்தான் இரண்டு மூட்டை ஆணி கூடுதலாக வாங்கிப் போட்டிருந்தேன். அவை வாசலில் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன.

நடந்தது இதுதான். எங்கள் கடைக்கு எதிரே ஆஸ்பத்திரி. அதன் மருந்துக்கடையில் ரொக்கம் மட்டும்தான் செல்லும். போனில் இருக்கும் பணத்தை ரொக்கமாக மாற்றித் தரும் அடுத்த தெரு ஏஜென்டிடம் காலையிலேயே ரொக்கம் தீர்ந்துவிடும். நான் பெயின்ட் டப்பாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு கட்டும் இடங்களுக்குப் போனதும், கல்லாவில் இருக்கும் என் மனைவியிடம் நோயாளிகளோ அவர்களின் சொந்தக்காரர்களோ வந்து நிற்பார்கள். சாமான் வாங்கியதுபோல எங்கள் கடை எண்ணுக்குப் பணம் அனுப்புவார்கள். அவள் கல்லாவில் இருந்து ரொக்கம் எடுத்துக் கொடுப்பாள். கமிஷன் என்று ஒரு காசு வாங்கியதில்லை. கம்பெனி பிடித்துக்கொள்ளும் கட்டணமும் எங்கள் தலையில்தான் விடிந்திருக்கிறது.

"வியாபாரி எண்ணுல சாமான் வித்த காசு மட்டும்தான் வரணும்ணே. பணம் வாங்கிப் போடுறது, எடுத்துக் குடுக்குறது எல்லாம் ஏஜென்ட் வேலை. ஒரு கடைக்கு ரெண்டுல ஒண்ணுதான். உங்க எண்ணை நிறுத்தி வச்சிருக்கோம். சாயங்காலம் வரேன், எதுன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பிக்காரர் போய்விட்டார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வியாபாரியாக இருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆணி போகும், காசு வரும். ஏஜென்ட் என்றால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கமிஷன் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கல்லாவிலும் முதல் வேண்டும், போனுக்குள்ளும் முதல் வேண்டும். எங்களிடம் முதல் என்று இருந்தது கூரைப் பணம் மட்டுமே. கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருக்கிறோம். மேலே தகரம். மழை பெய்தால் மகள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலைக்கு மூலை மாறுவாள். இந்த மழைக்கு முன்னால் கூரை போட்டுவிடலாம் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மனைவியைக் கேட்டேன்.

"சொன்னா கத்துவீங்க."

கத்தத்தான் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள், "இன்னைக்கு வெளிய போகாதீங்க. கல்லால உக்காந்து பாருங்க. அப்புறம் எது வேணும்னாலும் சொல்லிக்குங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

மதியம் ஒரு பெண் சாலையைக் கடந்து வந்தாள். ஒரு காலில் ஒரு செருப்பு, மறு காலில் வேறு செருப்பு. வீட்டில் இருந்து எப்படி ஓடி வந்திருப்பாள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கணவருக்கு ஆபரேஷன், மருந்து வாங்க ரொக்கம் வேண்டும் என்றாள். எண்ணை நிறுத்திவிட்டார்கள் என்றேன். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. போனைத் திருப்பிக் காட்டி, "இது என் தங்கச்சி போட்டது. இது அவர்கூட வேலை பாக்குறவரு. இது யாருன்னே தெரியலங்க, யாரோ அனுப்பியிருக்காங்க" என்றாள். எல்லாம் சின்னச் சின்னத் தொகைகள். கையில் இருந்ததைத் துடைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சின்னத் திரைக்குள் இத்தனை பேர் வந்து நின்றுகொண்டிருக்கிறார்களே என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வாடிக்கைக் கொத்தனார் எரிச்சலோடு நுழைந்தார். அவருக்கு எதிர்ப் பிரச்சினை. வாரக் கூலி ரொக்கமாகக் கையில் இருக்கிறது, அம்மாவுக்கு அனுப்ப வேண்டும், ஏஜென்ட் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பொறி தட்டியது. "தங்கச்சி, உங்க போன்ல இருந்து இவரோட அம்மாவுக்கு அனுப்புங்க. கொத்தனாரே, அந்தக் காசை இவங்க கையில குடுங்க. தீந்துது!"

தீரவில்லை. யார் முதலில்? அனுப்பிய பிறகு இவர் பணத்தோடு நடையைக் கட்டிவிட்டால்? கொடுத்த பிறகு அங்கே போய்ச் சேராவிட்டால்? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, சொல்லி வைத்ததுபோல, என்னைப் பார்த்தார்கள்.

கொத்தனார் நோட்டுகளை எண்ணி என் இடது கையில் வைத்தார். அவள் போனை என் வலது கையில் வைத்து, ரகசிய எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். "நீங்களே அடிச்சிடுங்க."

கடனுக்கு ஒரு கிலோ ஆணி கேட்டால் ஊர், பேர், மாமனார் பேர் வரை விசாரிக்கிறவன் நான். என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. கொத்தனார் சொன்ன அம்மாவின் எண்ணையும் தொகையையும் போட்டு, ரகசிய எண்ணை அடித்துவிட்டு அசையாமல் நின்றேன். நோட்டுகளில் சுண்ணாம்புத் தூசி. உடம்புச் சூடு இன்னும் அவற்றில் இருந்தது. இந்த நிமிடம் இது கொத்தனாருடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை. என்னுடையது நிச்சயமாக இல்லை.

கொத்தனாரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். எங்கேயோ ஒரு சேவல் கூவும் சத்தத்துக்கு நடுவே அவருடைய அம்மா தொகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "வந்துடுச்சுப்பா. ஏதோ பொம்பளை பேரு போட்டிருக்கு, யாருடா அது?"

"ஐயோ, அது ஒண்ணும் இல்லம்மா!" என்று கொத்தனார் காது வரை சிவந்து போனை அணைத்தார். அத்தனை கவலையிலும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் என் இடது கையைப் பார்த்தேன். என் கையில் இருந்த ஒரு தாள்கூட அசையவில்லை. ஆனால் அது போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ முகம் தெரியாதவர்கள் இவளுக்குப் போட்டது அந்த அம்மாவின் அடுப்புக்கு. அவர் மகன் சுவரில் ஏறிச் சம்பாதித்தது இவள் கணவனின் மருந்துக்கு. நடுவில் நின்றவன் ஓர் ஆணிக்கடைக்காரன். பணத்தை அவள் கையில் கொடுத்தேன். எண்ணிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

திரும்பினால், அறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"ஏஜென்டுன்னு சொன்னா இந்த மழைக்குக் கூரை கிடையாது. தெரியும்ல?" என்றேன்.

"தெரியும்."

"பாப்பாகிட்ட யார் சொல்றது?"

"வாக்குக் குடுத்தது நீங்கதானே" என்றாள், மெதுவாக.

அதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்து கையில் மாவுக்கட்டு போட்ட ஒருவர் எங்கள் கடையை நோக்கிச் சாலையில் இறங்கினார். நல்ல கையில் போன். விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த டம்ளரை ஏந்தி வருவதுபோல, அதிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓரடி ஓரடியாக வந்துகொண்டிருந்தார்.