துடைப்ப வண்டியில் ஏறாதவர்

1.
இந்தக் கதை ஒரு பிஸ்கட்டில் பிறந்தது. வால்கரனில் எங்கள் சைக்கிள் கழகத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு, 'பேஸெம்வாகன்' என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். எங்கள் டச்சு மொழியில் பேஸெம் என்றால் துடைப்பம், வாகன் என்றால் வண்டி. பந்தயத்தின் கடைசியில் ஊர்ந்து வந்து, முடியாதவர்களை அள்ளிப்போடும் வண்டி.

(பிரெஞ்சுக்காரர்களிடம் இதே பெயர் முன்பே உண்டு. எங்கள் ஊரில் இதைச் சத்தமாகச் சொல்லக்கூடாது.)

2.
முதல் தொடக்கம்: "அன்று சூரியன் கடலணைமேல் எழுந்தபோது, துடைப்பம் ஏந்திய ஒரு..." வேண்டாம். காவியம் மாதிரி இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். கழகத்தின் முதல் பந்தயம். பத்தொன்பது வயது யாகோமீனா, அப்பாவின் ரொட்டி வேனில் ஒரு துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். முன்னால் லேன்டர்ட், கடைசி ஆள். எதிர்க்காற்றில் பதினோரு கிலோமீட்டர் அவள் 'ஏறு, ஏறு' என்றாள். அவன் ஏறவில்லை. அடுத்த வருடம் அவளையே கட்டிக்கொண்டான்.

சொல் அன்றுதான் பிறந்தது என்பது ஊரின் நம்பிக்கை. அந்த வண்டியில் ஏறாத முதல் ஆள் தான் என்பது லேன்டர்டின் பெருமை. ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காத மனிதருக்கு வேறென்ன இருக்கிறது.

3.
போன வாரம் யாகோமீனா எனக்குக் காப்பி கொடுத்தார். எங்கள் ஊரில் காப்பிக்கு ஒரு பிஸ்கட்தான் வழக்கம்; நான் அதை எடுத்த பிறகும் டப்பாவை மூடவில்லை. இன்னொன்றையும் நீட்டினார். காரியம் பெரிது என்று புரிந்தது.

"அவர் அன்னைக்கு வண்டியில ஏறினார்னு எழுதிடு, டீஸ்."

"ஊரே சிரிக்கும். அவர் என்னைத் தொலைச்சிடுவார்."

"சிரிச்சா சிரிக்கட்டும். இருதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை பந்தயத்துல ஓட்டியே தீருவேங்கிறார். வழியில உசுரே போனாலும் இந்த மனுஷன் ஏறமாட்டார். ஒருதரம் ஏறினவர்னு ஆயிட்டா, ரெண்டாம்தரம் ஏற என்ன வெக்கம்?"

(இந்த இடத்தில் உண்மையின் மேன்மையைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். இரண்டாவது பிஸ்கட்டைத் தின்றவனுக்கு அந்த யோக்கியதை இல்லை.)

4.
முடிவு ஒன்று: லேன்டர்ட் எல்லைக் கோட்டைத் தாண்டுகிறார், எல்லோரும் கைதட்ட... நீங்கள் நம்பமாட்டீர்கள்.

முடிவு இரண்டை எழுத மனம் வரவில்லை. அந்த முரட்டு மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

5.
ஆகவே கதையை ஞாயிற்றுக்கிழமை, கடலணைமேல் நிறுத்துகிறேன். யாகோமீனா வண்டியை ஓட்டுகிறார். பக்கத்தில் நான். முன்னால் லேன்டர்ட் காலை ஊன்றி நின்றுவிட்டார். உதடு வெளுத்திருக்கிறது. யாகோமீனா இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறார்.

லேன்டர்ட் கதவைப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார்.

"டேய் டீஸ், மலர்ல என்ன எழுதியிருக்கே? அன்னைக்கு நான் ஏறினேனா, இல்லையா?"

பக்கம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. என்ன எழுதட்டும், நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.